மதிப்பெண் கேட்கிறார்கள், குறை கேட்பதில்லை

பல வங்கிக் கிளைகளின் சுவரில் காந்தியடிகளின் படத்துடன் ஒரு வாசகம் சட்டமிட்டுத் தொங்குவதைக் காணலாம். நம் இடத்துக்கு வருவோரில் முதன்மையானவர் வாடிக்கையாளரே. அவர் நம்மைச் சார்ந்திருக்கவில்லை, நாம்தான் அவரைச் சார்ந்திருக்கிறோம் என்பது அதன் சாரம். 1890-இல் தென்னாப்பிரிக்காவில் அவர் பேசியது என்று சில இடங்களில் ஆண்டையும் அச்சிட்டிருப்பார்கள். ஆனால், காந்தியடிகள் முதன்முதலாகத் தென்னாப்பிரிக்கா சென்றதே 1893-இல்தான். 1890-இல் அவர் லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். எளிதில் தெரிந்துகொள்ளக்கூடிய இந்தத் தவறு இத்தனை ஆண்டுகளாகச் சுவரில் நிலைத்திருப்பது, அந்த வாசகத்தை எவரும் பொருட்படுத்திப் படிக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

இன்று அந்த வாசகத்தின் இடத்துக்கு மதிப்பெண் வந்திருக்கிறது. வங்கிக்குச் சென்று திரும்பினாலும், வாகனத்தைப் பழுதுபார்த்து எடுத்து வந்தாலும், காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தாலும் அடுத்த சில நிமிடங்களில் கைப்பேசியில் செய்தி வந்துவிடுகிறது: 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' பெரிய நிறுவனங்களில் 'வாடிக்கையாளர் அனுபவம்' என்ற பெயரிலேயே தனித் துறைகள் இயங்குகின்றன. இவ்வளவு கேட்ட பிறகும், தவறாகப் பிடித்த ஒரு தொகையைத் திரும்பப் பெற மூன்று முறை அலைய வேண்டியிருக்கிறது என்றால், கேட்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளர் அனுபவம் என்பதைக் குளிரூட்டப்பட்ட வரவேற்பறை என்றோ, ஊழியரின் புன்னகை என்றோ சுருக்கிவிடக் கூடாது. ஒருவர் ஒரு தேவைக்காக நிறுவனத்தை நாடுவது முதல் அத்தேவை நிறைவேறும் வரை அவர் கடக்க வேண்டிய அத்தனையும் அதில் அடங்கும். படிவம் புரிகிறதா, எத்தனை முறை வரச் சொல்கிறார்கள், கட்டணம் முன்பே தெரிவிக்கப்பட்டதா, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பேற்கிறார் என்பவையே அதன் உள்ளடக்கம். இதை மேம்படுத்தும் திட்டம் எதுவானாலும், அதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: வாடிக்கையாளர் சொன்ன குறை, அதைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவரிடம் சென்று சேர்கிறதா?

இக்கேள்விக்குப் பொருளியலில் ஓர் அடிப்படை உண்டு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூல் ஒன்றின் தலைப்பு விலகல், குரல், பற்று ஆகிய மூன்று சொற்களால் ஆனது. ஒரு நிறுவனத்தின் தரம் தாழும்போது மக்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: விலகிப் போகிறார்கள், அல்லது குரல் எழுப்புகிறார்கள். நம் பாடநூல்கள் விலகலைப் பற்றியே அதிகம் பேசும். போட்டி இருந்தால் போதும், வாடிக்கையாளரை இழக்கும் அச்சமே நிறுவனத்தைத் திருத்திவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை.

நைஜீரிய ரயில்வேயில் ஹிர்ஷ்மன் கண்டது வேறு. அந்நாட்டின் வட பகுதியில் விளையும் நிலக்கடலையை நெடுந்தொலைவில் உள்ள துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்வதில் ரயிலுக்கு லாரிகள் போட்டியாக வந்தன. போட்டி வந்தும் ரயில்வே திருந்தவில்லை. காரணம், தரத்தில் அக்கறை கொண்டு உரக்கக் குறை சொல்லக்கூடியவர்களே முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். அவர்களுடன் குரலும் வெளியேறியது. இழப்பை ஈடுகட்ட அரசின் கருவூலம் இருந்ததால், விலகலும் நிர்வாகத்தை உறுத்தவில்லை. எஞ்சியவர்களின் மௌனத்துக்கு நடுவில் ரயில்வே மேலும் சீர்கெட்டது.

நிறுவனங்கள் அடிக்கடி செய்யும் பிழை, இந்த மௌனத்தை மனநிறைவு என்று எடுத்துக்கொள்வதுதான். நம் வங்கிகளை எடுத்துக்கொண்டால், விலகுவதே பலருக்குக் கடினம். ஓய்வூதியம் வரும் கணக்கு, வீட்டுக் கடன், பெட்டகம், மின்கட்டணத்துக்கான தானியங்கிப் பிடித்தம் என்று ஒரே கணக்கில் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. விலக இயலாதவருக்குக் குரல் ஒன்றே கருவி. அந்தக் குரலை நிறுவனம் எவ்வாறு கையாள்கிறது என்பதில்தான் திட்டத்தின் தரம் இருக்கிறது.

இன்று பெரும்பாலான நிறுவனங்கள் குரலை எண்ணாக மாற்றிக் கையாள்கின்றன. இதில் புகழ்பெற்ற முறை, ஃபிரெட் ரெய்க்ஹெல்டு 2003-இல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் முன்வைத்த 'நெட் புரமோட்டர் ஸ்கோர்'. 'எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்ற ஒரே கேள்விக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கப்படும். 9, 10 அளிப்பவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 அளிப்பவர்கள் நடுநிலையாளர்கள். 6-ம் அதற்குக் கீழும் அளிப்பவர்கள் அதிருப்தியாளர்கள். ஆதரவாளர்களின் விழுக்காட்டிலிருந்து அதிருப்தியாளர்களின் விழுக்காட்டைக் கழித்தால் கிடைப்பதே மதிப்பெண். நூறு பேரில் 50 பேர் ஆதரவாளர்கள், 30 பேர் அதிருப்தியாளர்கள் என்றால் மதிப்பெண் 20.

எளிமையே இதன் வலிமை. ஒரு நிறுவனம் தன் நிலையைத் தானே அறிந்துகொள்ளும் வரை இதில் பிழையில்லை. இந்த எண்ணை ஊழியரின் ஊக்கத்தொகையோடும் கிளை மேலாளரின் பதவி உயர்வோடும் முடிச்சுப் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வண்டியைத் திருப்பித் தரும்போதே, 'சார், கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க. ஒன்பது போட்டால்கூட எங்களுக்குப் பிரச்சினை' என்று பணிமனை ஊழியர் கெஞ்சுவதைக் கேட்காதவர் குறைவு. அவர்மீது இரக்கப்பட்டு நாமும் பத்து என்கிறோம். நிர்வாகக் குழுவின் மேசைக்குப் போகும் அறிக்கையில் அந்த இரக்கம் மனநிறைவாகப் பதிவாகிறது.

ஓர் அளவீடு இலக்காக மாற்றப்பட்டால் அது நல்ல அளவீடாக இருப்பதை இழந்துவிடும் என்ற கருத்தைப் பொருளியலாளர்கள் குட்ஹார்ட் விதி என்பார்கள். பிரிட்டனின் பணக் கொள்கையை ஆய்ந்த சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் கூறியதன் விரிவாக்கம் அது. நெட் புரமோட்டர் முறைக்கும் அதுவே நேர்ந்தது. மதிப்பெண்கள் தவறாகக் கையாளப்படுவதை ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் வாயால் சொல்லும் எண்ணுக்குத் துணையாகக் கணக்கேடுகளிலிருந்து பெறக்கூடிய மாற்று அளவீடு ஒன்றை ரெய்க்ஹெல்டே 2021-இல் அதே இதழில் முன்வைத்தார்.

அளவீடு எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஓர் எச்சரிக்கை. ஒரு வாடிக்கையாளர் எத்தனை வகைக் கணக்குகளை வைத்திருக்கிறார் என்பதை வைத்து அவருடனான உறவின் ஆழத்தை அளந்தது அந்த வங்கி. எட்டு என்பது இலக்கு. இலக்கின் அழுத்தம் தாங்காத ஊழியர்கள், வாடிக்கையாளர் அறியாமலேயே அவர் பெயரில் கணக்குகளைத் தொடங்கினார்கள். 2016-இல் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதும் அப்போது வெளிவந்தது. உறவை அளக்க வைத்த அளவுகோலே உறவைக் கெடுத்தது.

நட்சத்திரங்களைப் போலவே ஏமாற்றும் இன்னோர் எண், 'தீர்க்கப்பட்ட புகார்கள்'. நான் திருப்பி ஒப்படைத்துவிட்ட பற்று அட்டை ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் பிடிக்கப்பட்டது. புகார் அளித்த நான்காம் நாள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது, பணம் வரவில்லை. மீண்டும் புகார் அளித்தபோது புதிய எண் ஒன்று தரப்பட்டது. அதுவும் அதே வேகத்தில் 'தீர்க்கப்பட்டது'. வங்கியின் பதிவேட்டில் இரண்டு புகார்கள், இரண்டும் காலக்கெடுவுக்குள் முடிந்தவை. கிளையில் இருந்த இளைஞருக்குக் காரணம் தெரிந்திருந்தது: அட்டையை ரத்துசெய்யும் பதிவும் கட்டணம் பிடிக்கும் பதிவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. தெரிந்திருந்தும் அவரால் அந்தச் சிறு தொகையைத் திருப்பித் தர முடியாது; காரணத்தை மேலே எழுதி அனுப்பவும் அவருக்கு வழியில்லை. அறிவு ஓரிடத்தில், அதிகாரம் வேறோரிடத்தில் என்ற இந்தப் பிளவை எந்த நட்சத்திரமும் காட்டாது.

எனவே, உருப்படியான திட்டத்தின் முதல் அங்கம், முகப்பில் இருப்பவருக்கு அதிகாரம் அளிப்பது. ஸ்கேண்டினேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். இழப்பில் தவித்தபோது, 1981-இல் பொறுப்பேற்ற யான் கார்ல்சன் ஓர் எளிய கணக்குப் போட்டார். ஆண்டுக்கு 1 கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் சராசரியாக 5 ஊழியர்களைச் சந்திக்கிறார். ஒவ்வொரு சந்திப்பும் ஏறத்தாழ 15 விநாடிகள். ஆக, ஆண்டுக்கு 5 கோடி முறை அந்த நிறுவனத்தின் பெயர் சோதனைக்கு உள்ளாகிறது. அந்த 15 விநாடிக்குள் மேலாளரிடம் அனுமதி கேட்டுவர முடியாது என்பதால், முடிவெடுக்கும் உரிமையை அவர் முகப்பு ஊழியர்களிடம் ஒப்படைத்தார். ரிட்ஸ்-கார்ல்டன் விடுதிகளில், விருந்தினர் ஒருவரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை மேலிட அனுமதியின்றிச் செலவிட ஊழியர்களுக்கு உரிமை உண்டு. நம் வங்கிக் கிளைக்கு அவ்வளவு தேவையில்லை. 500 ரூபாய் வரையிலான தவறான பிடித்தத்தை அங்கேயே திருப்பித் தர ஒரு கிளை ஊழியருக்கு உரிமை அளித்து, மாத இறுதியில் அந்தப் பட்டியலைத் தணிக்கை செய்தால் போதும். ஊழியரை நம்பினால் சில நூறு ரூபாய் வீணாகலாம். நம்பாவிட்டால் அதைவிட அதிகமாக வீணாகும்.

இரண்டாவது அங்கம், குறையோடு அதன் காரணத்தையும் நீக்குவது. டொயோட்டா தொழிற்சாலையில் குறை ஒன்றைக் காணும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கோரலாம். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். குறையுள்ள வண்டியை அடுத்தவரிடம் தள்ளிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். புகார்ப் பிரிவுகளில் இத்தகைய கயிறு இருப்பதில்லை. ஒரே காரணத்தால் எழுந்த நூறு புகார்களை நூறு முறை மன்னிப்புக் கேட்டு முடித்து வைக்கிறார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரே வகைப் புகார் வந்தால், அதற்குக் காரணமான பிரிவின் தலைவர் எழுத்து மூலம் விளக்கமும் தீர்வு நாளும் தர வேண்டும் என்ற விதி ஒன்று போதும். நிலைமை மாறத் தொடங்கும்.

இதற்கெல்லாம் செலவாகாதா என்ற கேள்வி எழலாம். பிரிட்டனின் ஜான் செடன், சேவை நிறுவனங்களுக்கு வரும் அழைப்புகளை இரண்டாகப் பிரித்தார்: உண்மையான தேவைக்காக வருபவை ஒரு வகை, முதல்முறை சரியாகச் செய்யாததால் மீண்டும் வருபவை மற்றொரு வகை. இரண்டாம் வகையை அவர் 'தோல்வித் தேவை' என்றார். 'என் விண்ணப்பம் என்னவாயிற்று?' என்று கேட்கும் ஒவ்வோர் அழைப்பும் இவ்வகையே. இவற்றுக்குப் பதில் சொல்ல அழைப்பு மையத்தில் ஆட்களைப் பெருக்கும் நிறுவனம், தன் பிழைக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நிறுவனத்தின் கணக்கில் ஏறாத செலவு ஒன்றும் உண்டு. 'சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பப்படும் கூலித் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்கிறார். கைரேகை பதியவில்லை என்று அலைக்கழிக்கப்படும் மூதாட்டி பேருந்துக் கட்டணத்தையும், துணைக்கு வந்த மகளின் வேலை நாளையும் இழக்கிறார். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் போல, நிறுவனத்தின் திறமைக் குறைவு வாடிக்கையாளரின் தலையில் செலவாக இறங்குகிறது. பொருளியலில் இதைப் புறவிளைவு என்கிறோம். அதைச் சுமப்பவர் ஏழையாக இருக்க இருக்கச் சுமையும் கூடுகிறது. அத்தகையவரின் கைக்கு நட்சத்திரம் கேட்கும் இணைப்பு பெரும்பாலும் வருவதே இல்லை; வந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும்.

இதனால்தான் மூன்றாவது அங்கம் இன்றியமையாததாகிறது: மௌனமாக இருப்பவரைத் தேடிச் சென்று கேட்பது. இதற்குச் சான்று மதுரையில் இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் முகாம் நடத்திக் கண்புரை உள்ளவர்களைக் கண்டறிந்து இலவச அறுவை சிகிச்சைக்கு அழைத்தது. ஆனால், அழைக்கப்பட்டவர்களில் பலர் வரவில்லை. இலவசமாகத் தருவதையும் வேண்டாம் என்கிறார்களே என்று அலுத்துக்கொள்ளாமல், வராதவர்களிடம் காரணம் கேட்கப்பட்டது. சிகிச்சைதான் இலவசம், பேருந்துக் கட்டணம், உணவு, உடன்வர ஆள் இல்லாமை, வேலையிழப்பு, அச்சம் ஆகியவை இலவசம் அல்ல என்பது தெரியவந்தது. முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் அளித்து, ஒரே ஊர்க்காரர்களை ஒன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து விடும் முறை அதன் பிறகு உருவாயிற்று. வந்து போனவர்களிடம் மட்டும் மதிப்பெண் கேட்டிருந்தால் மருத்துவமனைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்; பார்வையிழந்த பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

நான்காவது அங்கம், தவறு செய்த பிரிவே தன் வழக்குக்கு நீதிபதியாக இல்லாதிருப்பது. இந்திய வங்கித் துறையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய 1975-இல் தல்வார் குழு, 1990-இல் கொய்போரியா குழு, 2010-இல் தாமோதரன் குழு என்று தொடர்ந்து குழுக்கள் அமைக்கப்பட்டன. 1995-இல் வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டம் வந்தது. 2021 நவம்பரில் அது பிற நிதி நிறுவனங்களுக்கான திட்டங்களோடு ஒருங்கிணைக்கப்பட்டது. வங்கி புகாரை நிராகரித்தாலோ, 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டாலோ கட்டணமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம் என்பது இன்று பலருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, வங்கிக்குள்ளேயே இருக்கும் 'உள் குறைதீர்ப்பாளர்'. பத்துக்கு மேற்பட்ட கிளைகள் உள்ள வணிக வங்கிகள் இப்பொறுப்புக்கு, தம்மிடம் பணியாற்றியிராத அனுபவமிக்க வெளியாள் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2018-ஆம் ஆண்டுத் திட்டம் பணித்தது. ஒரு புகாரை முழுமையாகவோ பகுதியாகவோ நிராகரிக்க வங்கி முடிவு செய்தால், அந்த முடிவை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் முன் இவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் இவரை நேரடியாக அணுக முடியாது. ஆனால், 'என் புகாரை உள் குறைதீர்ப்பாளர் பரிசீலித்தாரா?' என்று எழுத்தில் கேட்கலாம். சட்டம் கட்டாயப்படுத்தாத துறைகளிலும், வாடிக்கையாளர்மீது அக்கறை இருப்பதாகச் சொல்லும் நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டைத் தாமாகவே மேற்கொள்வதற்குத் தடையேதும் இல்லை.

2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி எடுத்த மற்றொரு முடிவு, பொருளியல் நோக்கில் இதைவிடக் கூர்மையானது. குறைதீர்ப்பாளரிடம் வரும் புகார்கள், ஒத்த வங்கிகளின் சராசரியைவிட அதிகமாக இருந்தால், அவற்றைத் தீர்க்கும் செலவை அந்த வங்கியிடமே வசூலிக்கலாம் என்றது அது. வெளியே தள்ளப்பட்ட செலவு, தள்ளியவரிடமே ஓரளவு திரும்பிச் சேர்கிறது. நிறுவனத்துக்குள்ளும் இதே நெறியைப் பின்பற்றலாம். புகார்களைக் கையாளும் செலவைப் புகார்ப் பிரிவின் கணக்கில் எழுதாமல், புகாருக்குக் காரணமான பிரிவின் கணக்கில் எழுதினால் போதும். மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ள ஆயிரம் வழிகள் உண்டு. தன் வரவு செலவில் விழும் தொகையை அப்படித் திருத்த முடியாது.

நாட்டின் முதல் ஆயிரம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், செபியின் விதிப்படி ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் பொறுப்புடைமை அறிக்கையில், நுகர்வோரிடமிருந்து வந்த புகார்கள் எத்தனை, நிலுவையில் இருப்பவை எத்தனை என்று குறிப்பிட வேண்டும். அங்கே மூன்றாவது பத்தி ஒன்று சேர்க்கப்பட வேண்டும் என்பது என் பரிந்துரை: 'தீர்க்கப்பட்டது' என்று முடித்த பிறகு, அதே வாடிக்கையாளரிடமிருந்து அதே காரணத்துக்காக மீண்டும் வந்தவை எத்தனை? இந்த எண்ணிக்கையும் இலக்காக்கப்பட்டால் கெட்டுப்போகும் என்று குட்ஹார்ட் விதியை நினைவூட்டுவோர் இருக்கலாம். அதனால்தான், அதைச் சரிபார்க்கும் பொறுப்பு புகார்ப் பிரிவிடம் இல்லாமல் வெளித் தணிக்கையாளரிடம் இருக்க வேண்டும்.

நிர்வாக இயக்குநர்களுக்குச் செலவில்லாத யோசனை ஒன்றும் உண்டு. வண்ண வரைபடங்களோடு வரும் மாத அறிக்கையைத் திறப்பதற்கு முன், அந்த மாதம் முடித்து வைக்கப்பட்ட புகார்களில் பத்தைக் கண்மூடி எடுத்து, வாடிக்கையாளர் எழுதிய சொற்களிலேயே முழுமையாகப் படியுங்கள். தமிழில் எழுதியிருந்தால் தமிழிலேயே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அந்தப் பத்துப் பேரையும் தொலைபேசியில் அழைத்து, பணம் வந்து சேர்ந்ததா, வேலை முடிந்ததா என்று மட்டும் விசாரியுங்கள். மதிப்பெண் கேட்க வேண்டாம்.